1 வெள்ளி கிளினிக், 65 வெள்ளி விடுப்பு

கிள்ளானில் நாங்கள் முன்பு குடியிருந்த மலிவு விலை அடுக்குமாடியில், கீழ்வீட்டுப் பையனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். பொம்மைக் காரின் சக்கரத்தை மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பான்.

“அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்பார் பாட்டி. “ஆம்பளப் பிள்ளை, பேசிடுவான்” என்று நானும் சொன்னேன்.

சுபாங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கும் அதே அறிகுறிகள்தான். இரண்டு வயதிலேயே நிபுணரிடம் காட்டினார்கள். தனியாரிடம் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. அதற்காக வாரம் இரு நாள் அண்ணி சீக்கிரம் கிளம்ப, அலுவலகமும் சம்மதித்தது. கீழ்வீட்டுப் பையனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது அவனுக்கு வயது ஆறு.

அவன் அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். ஆனால் அவர் துப்புரவுக் குத்தகையாளரிடம் வேலை செய்தவர். போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளுக்கு 65 வெள்ளி. கிளினிக், மருத்துவமனை, நிபுணர், பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போகும். வாடகைக்கு வைத்த பணம்தான் அதில் கரையும்.

அடுத்தது ‘ஓகேயு’ அட்டை. “அதை எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும், அக்காக்காரிக்கு நாளைக்கு வரன் வருமா?” என்று பாட்டி தடுத்தார். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவதற்குக் கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனால் பதிந்தால்தான் பல உதவிகள் வந்து சேரும். அரசாங்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி படித்தொகை உண்டு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை.

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 18 மாதத்திலும் மூன்று வயதிலும் ஆட்டிசம் அறிகுறிகளைக் கண்டறியும் கேள்விகள் அதில் இருக்கின்றன. ‘கூப்பிட்டால் திரும்புகிறானா?’ என்பதும் அதில் ஒன்று. தாதியிடம் மறைக்காமல் பதில் சொன்னாலே பாதி வழி கடந்த மாதிரி. சீக்கிரம் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்குக் கிடைக்க வேண்டிய மூன்று ஆண்டுகள் வீணாகாது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். “கிளினிக் போகணும்” என்று அவர் தயங்கி நின்றால், சம்பளத்தில் வெட்டாமல் அந்த ஒரு நாளை வாங்கிக் கொடுக்கப் பேசுங்கள். “பேசிடுவான்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன்.