கழிவு எங்கை கிடக்கு?

நீர்வேலியில் வாழைக்குலை எடுக்கிற ஒரு கடையில் போன மாதம் நாங்கள் நாலு பேரும் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றோம். எங்களில் ஒருத்தியின் அப்பா குலை கொண்டுவந்திருந்தார். நாங்கள் கலைப்பீடக்காரர். கணினி படிக்காத நீங்கள் வியாபாரச் செயலிகளின் பக்க வடிவமைப்பைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். அண்டைக்கு அந்தக் கடையில் கண்டதாலைதான் எழுதுகிறோம்.

அந்தக் கடையில் முந்தி காபன் தாள் வைத்து எழுதுகிற பில்லுப் புத்தகம் இருந்தது. திகதி, பெயர், குலை, நிறை, கழிவு, மிச்ச நிறை, விலை, காசு என்று எட்டுக் கட்டம். இப்ப ஒரு டப்லெட் இருக்கிறது. தராசில் கண்ட நிறையைப் போட்டால் செயலியே கணக்குப் பார்த்துச் சின்னத் துண்டொன்றை அடித்துத் தருகிறது. துண்டில் நிகர நிறை, விலை, தொகை மட்டும்தான். அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதிலை கழிவு எங்கை கிடக்கு?”

“அது உள்ளுக்கை கழிச்சுப்போடும் ஐயா” என்றார் கடைக்கார அண்ணை.

பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் கனகாலப் பிரச்சினை. தோட்டக்காரர் எத்தனையோ தரம் எதிர்த்துப் பேசிவிட்டார்கள். 60 கிலோ கொண்டுபோனால் 54 கிலோவுக்குத்தான் காசு. கிலோ 100 ரூபா என்று வைத்தால் 600 ரூபா போய்விடும். கழிவு சரியோ பிழையோ என்பது வேறை கதை. அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவேணும் என்றாலும் முதலில் அது கண்ணுக்குத் தெரியவேணும். பில்லுப் புத்தகத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது. திரையில் அது ‘உள்ளுக்கை’ போய்விட்டது.

இதில் யாரும் களவெடுக்க நினைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டம் குறைந்தால் பக்கம் வடிவாக இருக்கும், பாவிக்க லேசு என்று வடிவமைத்தவர் நினைத்திருப்பார். ஆனால் ஆருக்கு லேசு? செயலியை வாங்கியவர் மேசைக்கு உள்பக்கம் நிற்கிறார். வெளிப்பக்கம் குலையோடு நிற்கிறவரும் அந்தப் பக்கத்தின் பாவனையாளர்தான். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

யாக்கோப் நீல்சன் 1994 இல் பயன்பாட்டு வடிவமைப்புக்குப் பத்து விதிகளை வகுத்தார். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பாவிப்பவருக்குக் காட்டு என்பது முதலாவது. அவருக்குப் பழகின சொல்லிலும் ஒழுங்கிலும் பேசு என்பது இரண்டாவது. அந்தக் காபன் பில்லு இரண்டையும் செய்தது.

இரண்டாவது விதியை மீறுகிற பக்கங்களை நாங்கள் எல்லா இடமும் காண்கிறோம். கதலி, இதரை, கப்பல், மொந்தன் என்று விலை வேறுபடுகிற ஊரில் ‘வாழைப்பழம் 1’, ‘வாழைப்பழம் 2’ என்று பட்டியல் போடுகிறார்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டம் வைக்கிறார்கள். எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயரைப் போட்டால் கடிதம் அப்பாவின் பெயரை விளித்து வருகிறது. 2016 இல் இருந்து வருகிற அடையாள அட்டை இலக்கம் 12 எண். பழைய அட்டையிலோ 9 எண்ணுக்குப் பிறகு ஓர் எழுத்தும் இருக்கும். எண் விசைகளை மட்டும் காட்டுகிற பக்கத்தில் ஒரு அம்மம்மா அந்த எழுத்தை எப்படி அடிக்கிறது? ‘சமர்ப்பிக்கவும்’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் பொத்தானை ஆங்கில அளவிலேயே விடுகிறார்கள். திரையில் ‘சமர்ப்பி...’ என்று முறிந்து நிற்கிறது. ‘அனுப்பு’ என்றால் அளவும் காணும், எல்லாருக்கும் விளங்கும்.

நல்ல உதாரணமும் நாட்டிலேயே இருக்கிறது. 2022 யூலையில் வந்த எரிபொருள் கியூஆர். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்பதால் சனம் பட்ட பாடு மறக்க ஏலாது. ஆனால் அந்தக் குறியீட்டைக் கடதாசியில் அடித்து உறை போட்டு வைத்திருந்தாலே போதும். பம்பில் நிற்கிறவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்தே ஆகவேணும் என்று அது கேட்கவில்லை.

“துண்டு சின்னன், இடம் காணாது” என்று சொல்வார்கள். ‘நிறை 60, கழிவு 6, மிச்சம் 54’ என்பது ஒரேயொரு வரி. கடையின் பெயரைக் கொஞ்சம் சின்னதாய்ப் போட்டால் அந்த வரிக்கு இடம் வந்துவிடும்.

எங்கடை வயசில் செயலி செய்கிற நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறது இதுதான். திரையை வரைய முதல் கடையின் பழைய பில்லுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் எந்தச் சண்டைக்குப் பிறகு வந்தது என்று விசாரித்துவிட்டு, பிறகு வேண்டாததை எடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேணும் என்கிறது சர்வதேச அணுகல் வழிகாட்டி. அதைக் குளிரூட்டின அறையில் மட்டும் சோதிக்காமல் மத்தியான வெயிலில், வாழைக்கயர் பிடித்த கையோடு நிற்கிறவரிடம் கொடுத்துப் பாருங்கள். துண்டைத் தோட்டக்காரரிடமும் காட்டி, “இதிலை என்ன விளங்குது?” என்று கேளுங்கள்.

அண்டைக்கு அந்த அண்ணை கொஞ்சநேரம் டப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியில் இருந்து பேனையை எடுத்து, துண்டின் பின்பக்கத்தில் ‘கழிவு 6’ என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாசித்துப்போட்டுத்தான் மடித்து சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். இப்ப வாறவர்கள் எல்லாரும் அப்படி எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறார்களாம்.