"காலையிலே வாம்மா" என்ற பேச்சுக்கே இடமில்லை!

காரைக்குடி பஸ் நிலையம். மாலை நேரக் கூட்டம் முட்டி மோதுகிறது. பழம் வாங்கிய தாய், சில்லறையை எண்ணி முடித்துத் திரும்பிப் பார்க்கிறாள். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காணோம்!

அழுதுகொண்டே போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறாள். அங்கே அவளுக்கு என்ன பதில் கிடைக்கவேண்டும்?

"எங்கேயாவது விளையாடிக்கிட்டு இருப்பான். ராத்திரி வரலேன்னா காலையிலே வாம்மா" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. காலை வரை காத்திருந்தால், விடிகாலை பல்லவன் எக்ஸ்பிரஸ் பிள்ளையோடு சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்!

2013-ம் ஆண்டு மே 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே வழக்குப் பதிவு செய்யவேண்டும். வேறு காரணம் தெரியவரும் வரை கடத்தல் என்றே கருதித் தேடவேண்டும். 4 மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கை மாற்றவேண்டும்.

நிதாரி தந்த பாடம்

டெல்லியை அடுத்த நொய்டாவில் இருக்கிறது நிதாரி கிராமம். 2005, 2006-ம் ஆண்டுகளில் அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மாயமானார்கள். பெற்றோர்கள் போலீசுக்கு நடையாய் நடந்தார்கள். கேட்பார் இல்லை! 2006 டிசம்பர் கடைசியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்டு ஆனார்கள். 2025 நவம்பரில் கடைசி வழக்கும் விடுதலையில் முடிந்தது. கொன்றது யார் என்பது கோர்ட்டில் நிரூபணம் ஆகவே இல்லை.

ஊரே போலீஸ் ஆகலாமா?

அதற்காக ஆளாளுக்குத் தடி எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? கூடவே கூடாது! 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு சாக்லெட் கொடுத்தது. "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்துப்போனார். எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை!

எங்கே தேடுவது, யாரை விசாரிப்பது, எந்தத் தகவலை வெளியே விடாமல் வைத்திருப்பது என்பதெல்லாம் போலீசின் வேலை. அதில் அவர்களை நம்பித்தான் ஆகவேண்டும். கையில் கிடைத்த துப்பை ஊரெல்லாம் பரப்பினால், கடத்தியவன்தான் உஷார் ஆவான். ஆனால் புகாரைப் பதிவு செய்யலாமா, வேண்டாமா என்பதைப் போலீஸ் தீர்மானிக்க முடியாது. அதைச் சட்டம் தீர்மானித்துவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளையின் சமீபத்திய போட்டோ, உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம் மூன்றையும் உடனே கொடுங்கள். 112, 1098 எண்களுக்குப் போன் செய்யலாம். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுதுங்கள்.

கடைக்காரர்களே! உங்கள் கேமரா பதிவு அழிவதற்குள் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள்.

பொதுமக்கள் போலீசை நம்பவேண்டும் என்றால், அந்த நம்பிக்கை புகாரை வாங்கும் மேஜையில் தொடங்கவேண்டும். அழுதுகொண்டு வரும் தாயிடம் "உட்காரும்மா, எழுதிக்கிறேன்" என்று சொல்லட்டும். ஊர் தானாக நம்பும்!