வலிக்கும் கட்டியும் குடும்ப வரலாறும்



ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள மாதனூர்ப் பக்கத்தில், தோலில் எது வந்தாலும் பழி தோல் பதனிடும் தொழிற்சாலையின் மேல்தான் விழும். குரோமிய உப்புகளால் அரிப்பும் புண்ணும் வருவது உண்மையே. ஆனால் எல்லாத் தோல் கோளாறுகளுக்கும் அதையே காரணமாகச் சொல்லலாமா? கூடாது என்பதே என் கருத்து.

கையிலோ முதுகிலோ சிறு கட்டிகள் கூட்டமாக எழுகின்றன; குளிர்ந்த நீர் பட்டாலே சுரீரென்று வலிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குளிரில் நமக்கு மயிர் சிலிர்க்கிறதல்லவா? மயிர்க்காலில் உள்ள நுண்தசையே அதற்குக் காரணம். அத்தசையிலிருந்து வளரும் கட்டிகளாக இவை இருக்கலாம். இவை புற்றுநோய் அல்ல. ஆயினும் சில குடும்பங்களில் இவை ஓர் எச்சரிக்கை. அக்குடும்பப் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பையில் தசைக்கட்டிகள் தோன்றுகின்றன. ஆண், பெண் இருபாலரிலும் சிலருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வருகிறது. இதற்குக் காரணமான மரபணு 2002-இல் கண்டறியப்பட்டது.

கிரெப்ஸ் சுழற்சியில் ஃபியூமரேட்டை மாலேட்டாக மாற்றும் நொதிக்குரிய மரபணு அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து அதன் பழுதான படி ஒன்று வந்தாலே ஆபத்து உண்டு. பிற்காலத்தில் ஏதேனும் ஒரு செல்லில் மற்றப் படியும் கெட்டால், அங்கே ஃபியூமரேட் தேங்குகிறது. ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல் அந்தச் செல் நடந்துகொண்டு, கட்டுமீறிப் பெருகுகிறது. பழுதான படி ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு சரிபாதி. எனவே, 'உறவில் மணம் முடித்ததால் வந்தது' என்பதும் தவறே.

இதே வட்டாரத்தில், கரிகிரி மருத்துவமனை தொழுநோய்க்காகப் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. தொழுநோய் கிருமியால் வருவது; ஆனால் அதைப் பரம்பரை நோய் என்று சொல்லி எத்தனையோ குடும்பங்களை ஒதுக்கினோம். இன்றோ, பரம்பரையாக வருவதைத் தொழிற்சாலையின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம்!

பெண்ணுக்கு வரன் அமையாதே என்று அஞ்சி நோயை மறைப்பவர்களும் உண்டு. மறைத்தால் மரபணு மறைந்துவிடுமா? இவ்வகைச் சிறுநீரகப் புற்று சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடியது. ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பார்த்தால், அறுவை செய்து நீக்கும் நிலையிலேயே கண்டுபிடிக்கலாம்.

கட்டி கண்ட எல்லோரும் கலங்க வேண்டியதில்லை, பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆனால் வலிக்கும் கட்டிகள் பல இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: யாருக்குக் கட்டி இருந்தது? யாருக்குக் கருப்பையை எடுத்தார்கள்? யார் சிறுநீரக நோயால் இறந்தார்? அதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அந்த ஒரு தாள் உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.