கையொப்பத்துக்கு முன் கணக்கு

தன் பொருளை விற்பவன் எவருக்கும் காரணங் கூறக் கடமைப்பட்டவனல்லன். பிறர் பொருளைக் காவல் செய்பவன் அதனை விற்க முற்படும்போது நிலைமை வேறு. யாரைக் கேட்டாய், என்ன விலை பேசினாய், வேறு யாரிடம் விலை கேட்டாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவன் விடையிறுத்தாக வேண்டும். அரசாங்கம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. இறைமை மக்களிடத்தே உள்ளது என்று நம் நாட்டு அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை கூறுகின்றது. ஆசிரியர்களாகிய நாம் அதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனஞ் செய்விக்கின்றோம். ஆனால் அவ்வுறுப்புரையின் பொருள் யாதென அறிய விரும்பும் மாணவனை, சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரைக் கடந்து சீனக்குடாவுக்கு அழைத்துச் சென்றால் நாம் என்ன விளக்கம் சொல்வோம்?

சீனக்குடாவின் காட்டுக்குள்ளே நிற்கும் எண்ணெய்க் குதங்களைத் தம் கடற்படையின் தேவைக்காகக் கட்டியவர்கள் ஆங்கில ஏகாதிபத்தியவாதிகள். இன்று எஞ்சி நிற்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. பேரரசு போயிற்று, குதங்கள் இந்நாட்டு மக்களின் பொதுச்சொத்தாயின. அவற்றின் பிற்காலச் சரித்திரமோ, மக்களைக் கேளாமல் மக்கள் சொத்தைக் கைமாற்றும் கலையின் சரித்திரமாகும்.

1987 யூலை 29இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தமிழ் மக்களின் துயரைத் தீர்க்க வந்ததென்று சொல்லப்பட்ட அவ்வுடன்படிக்கையுடன் இருநாட்டுத் தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். இக்குதங்களைப் புதுக்கி நடத்தும் வேலை இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக அமையும் என்ற வரி அக்கடிதங்களிலே இருந்தது. 2003இல் 99 குதங்களையும் 35 ஆண்டுகளுக்கு லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடம் ஒப்படைக்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு வாடகை ஓரிலட்சம் அமெரிக்க டொலர். வகுத்துப் பார்த்தால் குதமொன்றுக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரத்துப் பத்து டொலர்! ஆறு மாதத்துள் முறையான குத்தகைப் பத்திரம் எழுதப்பட வேண்டுமென்று கூறிய அவ்வொப்பந்தத்தின்படி பத்திரம் எழுதப்படவேயில்லை. பயன்பாட்டுக்கு வந்தவை கீழ்த்தொகுதியிலுள்ள சில குதங்களே. மேல்தொகுதியிலே மரங்கள் முளைத்தன.

2022 சனவரியில் மீண்டும் ஒரு பங்கீடு நிகழ்ந்தது. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, அவ்விரண்டும் கூடிய புதிய கம்பெனிக்கு 61. அதே ஆண்டில் நாடு எரிபொருளின்றித் தவித்தது. மண்ணெண்ணெய்க்கு வழியின்றி மீனவரின் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் எண்ணெய் சேமிக்கவல்ல குதங்கள் உள்ள மாவட்டத்து மீனவனும் அத்துன்பத்துக்குத் தப்பவில்லை. 2025 ஏப்ரல் 5இல் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. ஆட்சியிலிருந்த கட்சிகள் மாறின. முதலிற் கையொப்பம், பின்னர் செய்தி என்ற வழக்கம் மாறவில்லை.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. குதங்களை இந்தியாவுக்குக் கொடுக்காதே என்று தெற்கிலே கூச்சல் எழும்போதெல்லாம், அது பேரினவாதக் கூச்சல் என்று தள்ளிவிட்டு நாம் வாளாவிருந்து பழகிவிட்டோம். அக்கூச்சலில் இனவெறி கலந்திருப்பது உண்மையே. அதற்காக, வாங்குபவர் நமக்கு வேண்டியவர் என்ற எண்ணத்தால் விலையைக் கேளாதிருப்பது அறிவுடைமையாகுமா? கொள்வோன் தில்லியாயினும் பீக்கிங்காயினும் கொழும்பு முதலாளியாயினும் நமது கேள்வி ஒன்றே: உடைமையாளராகிய மக்களிடம் கேட்டீர்களா? இக்கேள்வியைத் தமிழ்த் தொழிலாளியும் சிங்களத் தொழிலாளியும் ஒரே குரலிற் கேட்கக் கூடும். இனத்தின் பேராற் கேட்கும்வரை இக்கேள்வி இரண்டாகப் பிளந்து வலுவிழந்தே நிற்கும்.

அரசாங்கம் காவலாளியே என்பது வெறும் மேடைப்பேச்சன்று. நமது உயர் நீதிமன்றமே அதனைத் தீர்ப்பாக எழுதியிருக்கின்றது. கப்பல்களுக்கு எண்ணெய் வழங்கி வந்த லங்கா மரைன் சேர்விசஸ் என்ற அரச கம்பெனி 2002இல் ஜோன் கீல்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாசுதேவ நாணயக்கார தொடுத்த வழக்கிலே, 2008இல் நீதிமன்றம் அவ்விற்பனை செல்லாதென்று தீர்த்தது. 2003இல் விற்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் 2009இல் அவ்வாறே மக்களிடம் மீண்டது. மகிழத்தக்க வெற்றிகள்தாம். ஆயினும் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறாண்டு சென்றது. முதல் வழக்கில் குற்றங்காணப்பட்ட உயர் அதிகாரி, இனி அரச பதவி வகிப்பதில்லை என்று நீதிமன்றத்துக்கு உறுதி கூறினார். அடுத்த ஆண்டே அவ்வுறுதியிலிருந்து விடுவிக்கப்பட்டு, திறைசேரிச் செயலாளர் பதவிக்குத் திரும்பினார். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் நீதிமன்றத்தை நாட வேண்டுமென்பது அரசியலமைப்பின் விதி. ஒப்பந்தம் பெட்டகத்துள் உறங்க, உரிமை மீறப்பட்ட நாளைக் குடிமகன் எங்ஙனம் அறிவான்?

நிலமும் குதமும் கண்ணுக்குத் தெரியும் சொத்துக்கள். காடு மண்டினாலும் அவை போய்ப் பார்க்கக் கூடியவை. கண்ணுக்குத் தெரியாத சொத்து ஒன்றும் உண்டு. அரசுக்கும் அரச வங்கிகளுக்கும் வரவேண்டிய கடன் அது. கடனாளிக்குச் சுமையாகத் தோன்றும் அதுவே, கொடுத்தவனின் கையில் விற்கத்தக்க பொருளாகின்றது. அயர்லாந்திலே 2008ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடிக்குப் பின்னர், நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகக் கொண்டு வங்கிகள் கொடுத்திருந்த கடன்களை ‘நாமா’ என்ற அரச நிறுவனம் பொறுப்பேற்றது. அவற்றுள் வட அயர்லாந்துக் கடனாளிகளின் கடன்களை ‘ஈகிள்’ என்ற பெயரில் ஒரே பொதியாகக் கட்டி, 2014இல் செர்பரஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. இவ்வாறு விற்றமையால் 19 கோடி பவுண் வரை அரசுக்கு இழப்பு நேர்ந்திருக்கலாமென அந்நாட்டுக் கணக்காய்வாளர் 2016இல் அறிக்கையிட்டார். நாமா அதனை மறுத்தது. 2017இல் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. விசாரணை வந்தது, விற்ற கடன்கள் திரும்ப வரவில்லை. நமது நாட்டிலும் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 2024ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 45,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. பொதுப்பணத்தாற் காக்கப்படும் வங்கியின் வாராக் கடனைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடும் நாளொன்று வருமாயின், சீனக்குடாவில் நடந்ததே ஏட்டிலும் நடக்கும். அங்கே துருப்பிடிப்பதற்கு இரும்பு கூட மிஞ்சாது.

வணிக இரகசியம் என்பர். வாடகை எவ்வளவு, காலம் எவ்வளவு, மாற்று விலை எவ்வளவு என்பவற்றை வீட்டுக்காரனுக்கே மறைக்கும் இரகசியம் யாருடைய நலனைக் காக்கின்றது? அவசரம் என்பர். 1987இல் எழுதிய வரிக்கு 2022 வரை பொறுத்திருந்தவர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு வாரம் விவாதிக்க நேரமில்லையா? அரசு நடத்தினால் நட்டம் என்பர். நடத்தத் தெரியாதவனுக்கு நல்ல விலை பேசத் தெரியும் என்று நாம் எதைக் கொண்டு நம்புவது?

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. வெளிநாட்டு நிதியில் ஓரிலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே அமைச்சர் அதன் விவரங்களை மக்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு விதிக்கின்றது. வணிக இரகசியமாயினும் பொதுநலன் மேலோங்குமாயின் வெளியிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நெறியே. இதற்கு மேலும் ஒன்று வேண்டும். பொதுச்சொத்தையோ அரசுக்கு வரவேண்டிய கடனையோ கைமாற்றும் எந்த ஒப்பந்தமும், சுயாதீன மதிப்பீட்டுடனும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் கருத்துடனும் தமிழிலும் சிங்களத்திலும் முன்னதாக வெளியிடப்பட்டு, பாராளுமன்றத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே கையொப்பமாக வேண்டும். அவ்வாறு செய்யப்படாத ஒப்பந்தம் தானாகவே செல்லாது என்று சட்டம் எழுதப்பட வேண்டும்.

இச்சட்டம் தானாக வாராது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இக்கோரிக்கையைத் தத்தம் தீர்மானமாக நிறைவேற்றுக. தகவல் கோரும் விண்ணப்பங்கள் ஒன்றல்ல, நூறாகச் செல்லுக. வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், எந்தக் கட்சியினராயினும், இதற்கு அவர் உடன்படுகின்றாரா என்பதே நமது முதற் கேள்வியாகுக. விற்ற பின் நடக்கும் விசாரணை, பயிர் மேய்ந்த பின் போடும் வேலி. வேலியை இன்றே போடுவோம்.