ஆலைக்கு ஈடாகுமா அலுவலகம்?

“ஃபோர்டு ஆலை மூடினால் என்ன? சோழிங்கநல்லூரில் அதே கம்பெனி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறதே!” இந்த வாதத்தை இன்றும் கேட்கிறோம். கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் சுமார் 4,000 பேர், வணிகச் சேவைப் பிரிவில் இருப்போர் 11,000க்கும் மேல் என்றது நிறுவனம். 2024இல் தமிழகத்தில் 12,000 பேர் என்றும், மூன்றாண்டில் மேலும் 2,500 முதல் 3,000 வரை கூடும் என்றும் சொன்னது. பிறகென்ன, லாபம்தானே என்கிறார்கள்.

அந்த 11,000 பேர் ஆலை மூடியதால் வந்தவர்கள் அல்ல. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் கார்கள் தயாராகிக்கொண்டிருந்தபோதே அவர்களும் இருந்தார்கள். இருந்ததை இழப்புக்கு ஈடாக எழுதுவது என்ன கணக்கு? அதற்குப் பின் கூடியதை மட்டுமே வரவில் வைக்கலாம்.

‘உருவான வேலை’ என்பதும் பாதி உண்மைதான். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் பில், சம்பளப் பட்டியல், கணக்கு வேலைகளை ஒரே இடத்துக்கு இழுத்து ஆள்செலவைக் குறைக்கத்தான் இத்தகைய மையங்கள் பிறந்தன. இங்கே புதிதாகத் தெரியும் நாற்காலி வேறொரு ஊரில் காலியானதாக இருக்கலாம். பொறியியல், மென்பொருள் வேலைகளும் சென்னையில் நடக்கின்றன என்பதை மறுக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்கள் விஷயம். ஐ.டி.ஐ. முடித்து அசெம்பிளி லைனில் நின்றவரிடம் சோழிங்கநல்லூர் அலுவலகம் பி.காம்., பி.இ. பட்டம் கேட்கும். ஆலை மூடலை ஒட்டி 2022இல் உள்ளே போராடிய தொழிலாளர்களை எந்த மையமும் கூப்பிட்டு உட்காரவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருக்கை, கண்ணாடி, பிரஸ் பாகங்கள் செய்து தந்த சிறு பட்டறைகளின் தொழிலாளர்கள் அந்த 4,000க்குள் வரவே இல்லை. அலுவலகச் சம்பளத்தால் கேப் ஓட்டுநரும் மெஸ்காரரும் பிழைக்கிறார்கள், சரி. ஆனால் அது வேறு ஆட்களின் பிழைப்பு.

அலுவலக வேலை நிலையானது என்பார்கள். ஆனால் அதன் முதலாளி நிலையானவர் அல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் 1997இல் குர்கானில் தொடங்கிய மையத்தின் பெரும்பங்கை 2004இல் விற்றது. அதுவே இன்றைய ஜென்பாக்ட். வேலை தொடர்ந்தது, முதலாளி மாறினார்.

ஆலையே திரும்புகிறதே என்றால், மறைமலை நகருக்கு ஃபோர்டின் என்ஜின் உற்பத்தி வரும் என்ற ஒப்பந்தம்தான் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. முதலீடு 3,250 கோடி ரூபாய், வேலை 600 பேருக்கு மேல், உற்பத்தி தொடங்குவது 2029இல்.