காயில்மீது பழி போடுமுன்

ஐப்பசி மழை இறங்கியதும் முக்கூடல் வட்டாரத்துப் பழைய புல்லட் வண்டிகள் மக்கர் செய்யத் தொடங்குகின்றன. நூல் மூட்டையோ வாழைத்தாரோ ஏற்றி நிற்கும் அங்கத்தினர், உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிச் செல்கிறார். "காயில் போய்விட்டது" என்று உடனே தீர்ப்புக் கிடைக்கிறது. நாமும் அத்தீர்ப்பை நம்பிப் புதுக் காயில் வாங்கினவர்களே. பாயிண்டில் கரி படிந்திருந்ததே உண்மைக் காரணம் என்பது மறுநாள்தான் தெரிந்தது!

1955இல் சென்னையில் கால்கொண்ட இவ்வண்டி, மின்னணு முறை வரும்வரை பாயிண்டையும் கண்டன்சரையும் நம்பியே ஓடிற்று. அதன் நோயை அறிவது கடினமன்று. பிளக்கைக் கழற்றி வயரில் செருகி, பெட்ரோல் வாடையில்லாத இடத்தில் எஞ்சின் இரும்போடு ஒட்டி வைத்து உதைத்தால் நீலப்பொறி தெறிக்க வேண்டும். தெறிக்காவிடில் வேறு பிளக்கைப் போட்டுப் பார்த்தபின் அம்மீட்டரைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி மெல்ல உதைக்கையில் முள் சாய்ந்து மீண்டால் பாயிண்ட் வேலை செய்கிறது. முள் அசையவே இல்லையெனில் பாட்டரி, வயர், பாயிண்ட்க் கரி ஆகியவற்றில் ஒன்று. சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. திறக்கும் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., அதாவது கணக்கேட்டுத் தாள் நான்கின் கனம். தேய்த்துத் துடைத்த பாயிண்ட் விரைவிலேயே பளீரெனப் பொறி கக்கிக் கருகினால் கண்டன்சரை ஐயுறலாம். காயிலின் முறை கடைசியிலேயே வருகிறது.

ஆகவே சங்கம் நல்ல காயில் ஒன்றையும் இடைவெளி அளக்கும் தகடுகளையும் வாங்கி வைத்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அங்கத்தினர் அக்காயிலை இரவலாகப் பூட்டிப் பார்க்கட்டும். அப்போதும் பொறி வராவிடில், தம் பழைய காயிலுக்காகப் பணத்தை அவிழ்க்க வேண்டியதில்லை.