கிடாய்க்கும் பெட்டைக்கும் ஒரே தீனியா?



பொந்தியான் பக்கம் கச்சாங் ஆடு வளர்ப்போரே, ஒரே புல்லைத் தின்றும் கிடாய் மட்டும் ஏன் மளமளவென்று வளர்கிறது என்று யோசித்ததுண்டா?

விடை உயிரணுக்களுக்குள் இருக்கிறது. அங்கே இழைமணி எனும் நுண்ணிய அடுப்புகள் தீனியின் சத்தை எரித்துச் சக்தியாக்குகின்றன. இரண்டிற்கும் இந்த அடுப்பு தாய்வழிச் சீதனம்தான், செலவுதான் வேறு. ஆண் சுரப்புநீர் கிடாயின் சக்தியைத் தசையாக்குகிறது. விதையடிக்காத கிடாய்க்கு உடலைக் காக்கவே சுமார் 15 விழுக்காடு கூடுதல் சக்தி தேவை. பெட்டையோ முன்னதாகவே கொழுப்பைச் சேர்க்கிறது. அது குட்டிக்கும் பாலுக்குமான சேமிப்பு.

சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குத் தீனி போதாவிட்டால், சேர்த்த கொழுப்பு அளவுமீறிக் கரையும். இரத்தத்தில் நஞ்சு ஏறும். தாயும் குட்டிகளும் மடியலாம்.

ஆகவே, அந்நாட்களில் புல்லோடு தவிடு, புண்ணாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். சினையாடு தீனியை வெறுத்து ஒதுங்கி நின்றால், அன்றைக்கே கால்நடை இலாகாவிடம் சொல்லுங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.